துணிச்சல் விளையும் வீடு

ஷாம்புவைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்த கடலூர்க் குடும்பமும், தொழில்முனைவோரை வளர்க்கும் வீடுகளின் குணங்களும்

தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பெட்டிக்கடை முன்னால் நின்றாலும் தலைக்கு மேல் சரம் சரமாகப் பாக்கெட்டுகள் தொங்கும். ஷாம்பு, ஊறுகாய், காபித்தூள், தேங்காய் எண்ணெய் எல்லாம் அதில் உண்டு. கடைக்காரர் பேச்சை நிறுத்தாமலே ஒன்றைக் கிழித்து நீட்டுவார். வாங்குகிறவர் சில்லறையை வைத்துவிட்டு நடையைக் கட்டுவார். ஒரு தலைமுழுக்குக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சரக்கு, அன்றைய கூலியில் எவ்வளவு மிஞ்சுமோ அதற்குள் விலை.

1970களில் நிலைமை வேறு. ஷாம்பு என்றால் பாட்டில்தான். அதுவும் நகரத்து ஃபேன்சி ஸ்டோரின் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும். கிராமத்தில் எண்ணெய்க் குளியலுக்குச் சீயக்காயும் அரப்பும் போதும் என்று கம்பெனிகள் முடிவு கட்டியிருந்தன. வாங்க வசதியில்லாதவர்கள் என்று அவர்கள் ஒதுக்கிய அந்தப் பெரும்பான்மை மக்களையே தன் வாடிக்கையாளராக நினைத்தவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு வீட்டைவிட்டு வெளியே வந்து தொடங்கிய சிறு தொழில்தான் இன்றைய கெவின்கேர்.

இந்தக் குடும்பத்தை நான் வியந்து பார்ப்பதற்கு அவர்கள் சேர்த்த சொத்து காரணமில்லை. தகப்பனார் ஒரு புதுமையைக் கண்டுபிடித்தார். மூத்த பிள்ளைகள் அதைச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களோடு கருத்து வேறுபட்டு வெளியேறிய தம்பி தனியாக ஒரு நிறுவனத்தைக் கட்டினார். இன்னொரு தம்பி அழகு நிலையத் துறையில் தன் பாதையை வெட்டிக்கொண்டார். ஒருவர் ஜெயித்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். ஒரே வீட்டில் இத்தனை பேர் என்றால், அந்த வீட்டில் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. பணத்தை யாரிடமும் கடன் வாங்கலாம், துணிச்சலை மட்டும் வளர்ந்த வீட்டில்தான் வாங்க முடியும் என்பதை அந்த வீடு எனக்குச் சொல்கிறது.

ஐந்து கிராம் உப்பு

சின்னி கிருஷ்ணன் விவசாயம் பார்த்தவர், கூடவே மருந்துப் பொருள் வியாபாரமும் செய்தவர். டால்கம் பவுடர் டின்னில் மட்டும் விற்ற காலத்தில் அதை 100 கிராம், 50 கிராம், 20 கிராம் என்று சிறு பொட்டலங்களாக்கி விற்றார். பேதி உப்பு 100 கிராம் பாக்கெட்டில் வந்துகொண்டிருந்தபோது அதை ஐந்து கிராமாகப் பிரித்தார். ஒரு வேளைக்குத் தேவை ஐந்து கிராம்தான் என்றால், ஏழை ஏன் நூறு கிராமுக்குக் காசு கொடுக்க வேண்டும்?

பொடியை மடிப்பது எளிது. திரவத்தைப் பாக்கெட்டில் அடைப்பது வேறு வித்தை. பிளாஸ்டிக் தாளின் ஓரத்தைச் சூட்டால் ஒட்ட வேண்டும். ஒட்டும் இடத்தில் ஒரு சொட்டு ஷாம்பு பட்டாலும் ஒட்டு நிற்காது. ஒட்டாத ஒரு பாக்கெட் கசிந்தால் பெட்டியில் இருக்கும் மற்றவையும் பிசுபிசுத்துப் போகும். கடைக்காரர் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவார். இதற்கெல்லாம் பயப்படாமல், திரவத்தையும் சிறு பாக்கெட்டில் தரலாம், இனி வரப்போகும் காலம் இதுதான் என்று நம்பினார் அவர். தான் தயாரிக்கும் எதையும் கூலி வேலை செய்பவரும் ரிக்‌ஷா இழுப்பவரும் வாங்கிப் பயன்படுத்த வேண்டும் என்பதை வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பாராம். ரங்கநாதன் தன் பேட்டிகளில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

பிள்ளைகள் காதில் விழும் பேச்சுக்கு இருக்கும் பலம் பெரிது. சாப்பாட்டு நேரத்தில் நிலம், நகை, அடுத்த வீட்டுக்காரர் வாங்கிய கார் என்று பேசும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு உலகம் ஒரு மாதிரி தெரியும். ரிக்‌ஷாக்காரரின் பையில் எவ்வளவு காசு இருக்கும், அவருக்கு எது தேவைப்படும் என்று பேசும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு அதே உலகம் வேறு மாதிரி தெரியும். கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி.கே.பிரகலாத், ஏழைகளை வாடிக்கையாளராக மதித்தால் பெரும் சந்தை திறக்கும் என்று 2004-ல் புத்தகம் எழுதி உலகப் புகழ் பெற்றார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கடலூரில் ஒரு வீட்டில் அது அன்றாடப் பேச்சாக இருந்தது.

சின்னி கிருஷ்ணனுக்கு ஒரு குறையும் உண்டு. ஒரு புதுமையிலிருந்து அடுத்ததற்குத் தாவுவார். கண்டுபிடித்ததை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கும் வித்தை அவருக்குக் கைவரவில்லை. ரங்கநாதன் கல்லூரியில் சேர்ந்த காலத்தில் அவர் காலமானார். ஆனால் முயற்சி செய்வது, சரியாக வராவிட்டால் அடுத்ததைத் தொடங்குவது என்ற வழக்கம் அந்த வீட்டில் ஊறிப்போயிருந்தது. தகப்பன் சறுக்கியதையும் மறுபடி எழுந்ததையும் கண்ணால் பார்த்த பிள்ளைக்குத் தோல்வி மேல் இருக்கும் பயத்தில் பாதி குறைந்துவிடும். எத்தனையோ வீடுகளில் வியாபார நஷ்டத்தைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் மறைக்கிறோம். அவர்களைக் காப்பதாக நினைத்து, அவர்கள் கற்க வேண்டிய முக்கியமான பாடத்தைப் பிடுங்கிக்கொள்கிறோம்.

ஐந்நூறு புறாக்கள்

அந்த வீட்டுப் பிள்ளைகளில் இருவர் மருத்துவரானார்கள், ஒருவர் வழக்கறிஞரானார். ரங்கநாதனுக்குப் படிப்பு ஏறவில்லை. தமிழ் வழியில் படித்தார், இரண்டு வார்த்தை ஆங்கிலம் சேர்ந்தாற்போல் வராது. மற்றவர்களைவிடத் தாழ்ந்தவன் என்ற எண்ணம் தன்னை வாட்டியதாக அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படி ஒரு பிள்ளை இருந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். ரேங்க் கார்டு வரும் நாளில் அண்ணனைக் காட்டித் திட்டு விழும். உறவினர் வந்தால் உள்ளறைக்குப் போகச் சொல்வார்கள். சின்னி கிருஷ்ணன் அந்தப் பிள்ளைக்கு வேறு வழியைக் காட்டினார். விவசாயம் பார், இல்லையென்றால் ஒரு தொழில் தொடங்கு என்றார். படிக்காததற்குத் தண்டனையாக இதைச் சொல்லவில்லை. மருத்துவம், சட்டம் என்ற வரிசையில் விவசாயமும் தொழிலும் சமமாக உட்காரலாம் என்று தகப்பன் நினைத்தால்தான் இப்படிச் சொல்ல முடியும்.

அதற்குள் அந்தப் பையன் ஒரு தொழிலைத் தொடங்கிவிட்டிருந்தான். ஐந்தாம் வகுப்பிலேயே அவனிடம் ஐந்நூறுக்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்தன. மீன்களும் வேறு பல பறவைகளும் உண்டு. அவற்றை வளர்த்து விற்றுக் கைச்செலவுக்குச் சம்பாதித்தான்.

ஐந்நூறு புறா என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். விடிந்ததும் தீனி வைக்க வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும், கூடு கூட்ட வேண்டும். ஒரு ஜோடி பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்துப் பதினெட்டு நாள் அளவில் குஞ்சு வரும். எந்த ஜோடி நன்றாகக் குஞ்சு பொரிக்கிறது, எதை விற்கலாம், எதை வைத்துக்கொள்ள வேண்டும், தீனிச் செலவு போக என்ன நிற்கும் என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்றுக்குச் சீக்கு வந்தால் உடனே பிரித்து வைக்காவிட்டால் கூடே காலியாகும். விடுமுறை, பண்டிகை என்று எதுவும் கிடையாது. கையிருப்பு, கொள்முதல், தரம், நஷ்டம், வாடிக்கையாளர் என்று வணிகக் கல்லூரியில் பிற்பாடு சொல்லித்தரும் பலவும் அந்தக் கூட்டுக்குள் இருந்தன.

படிக்கிற பையனுக்கு எதற்கு இந்த வேலை என்று ஒருநாள் யாராவது அந்தப் புறாக்களைத் திறந்து விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த வீட்டில் அப்படிச் செய்யவில்லை. பிள்ளைக்கு உண்மையான ஒரு பொறுப்பு, அதில் உண்மையான லாப நஷ்டம், குறுக்கிடாத பெற்றோர். இந்த மூன்றும் ஒருசேர அமைந்த பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்.

பதினைந்தாயிரம் ரூபாய்

தகப்பனார் மறைவுக்குப் பின் மூத்தவர்கள் தொழிலை ஏற்றார்கள். தந்தை விட்டுப்போன பாக்கெட் யோசனையைக் கையில் எடுத்து 'வெல்வெட்' ஷாம்புவைச் சந்தைக்கு விட்டார்கள். தகப்பனிடம் இல்லாத விற்பனைத் திறமை அவர்களிடம் இருந்தது. வெல்வெட் பெயர் ஊரெல்லாம் பரவியது. படிப்பை முடித்த ரங்கநாதன் 1982-ல் அவர்களோடு சேர்ந்தார். பார்த்தது தயாரிப்பு வேலை. ஒன்பது மாதம்கூட நிலைக்கவில்லை. யோசனைகள் ஒத்துப்போகாமல் வெளியே வந்தார். சொத்திலும் தொழிலிலும் எனக்குப் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சேமித்து வைத்திருந்த 15,000 ரூபாய் மட்டும் கையில் இருந்தது.

வீடும் அலுவலகமுமாக ஓர் இடம், மாத வாடகை 250 ரூபாய். தொழிற்கூடத்துக்கு 300 ரூபாயில் இன்னோர் இடம். இரண்டுக்கும் முன்பணம், பாக்கெட் அடைக்கும் இயந்திரத்துக்கு மூவாயிரம் ரூபாய் அளவில் செலவு. முதல் பாக்கெட் வெளியே வருவதற்குள் கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கு கரைந்திருந்தது. பறவைப் பிரியர் என்பதால் கோழிப் பண்ணை வைக்கலாமா என்றும் யோசித்திருக்கிறார். கடைசியில் தனக்குத் தெரிந்த ஷாம்புவையே தேர்ந்தெடுத்தார். அண்ணன்மார்கள் கொடி கட்டிப் பறக்கும் அதே சந்தையில், அதே சரக்கு. புதிய ஷாம்புவுக்கு 'சிக்' என்று தகப்பனாரை நினைத்துப் பெயர் வைத்தார். முதல் மாதம் விற்றது 20,000 பாக்கெட்.

பாகம் பிரிந்தால் பகை என்பது நாம் நிறையப் பார்த்துவிட்ட கதை. வரப்புத் தகராறு தலைமுறை தாண்டிக் கோர்ட்டு ஏறும் நாடு இது. ரங்கநாதன் வெளியேறியதில் நான் மதிப்பது, பங்கு கேட்டு உட்காராமல் கிளம்பியதைத்தான். பங்குக்கு வழக்காடியிருந்தால் அவருடைய இருபதுகள் வக்கீல் வாசலில் கழிந்திருக்கும். போட்டியைக் கடைத்தெருவில் வைத்துக்கொண்டார். அண்ணன்மார்களின் வியாபாரத்தை முந்த ஏழு ஆண்டுகள் ஆயின என்று பிற்பாடு சொன்னார். அந்த ஏழாண்டு உழைப்புக்கு அண்ணன்மார்களின் வெற்றியும் ஓர் உரைகல்லாக இருந்தது.

பள்ளி மாணவர்களும் ரஜினி படமும்

சிக் சந்தையில் நுழைந்தபோது வெல்வெட்டுக்குப் பின்னால் கோத்ரெஜின் விநியோக பலம் இருந்தது. விளம்பரத்தில் அவர்களோடு மோதச் சிக்கிடம் பணம் கிடையாது. கிராமத்தை நோக்கி நடந்தார்கள். ஷாம்புவையே தொட்டிராத ஊர்களில் பள்ளிகளுக்குப் போய், மாணவர்கள் முன்னிலையில் ஒரு பையனுக்குத் தலைமுழுக்கிக் காட்டினார்கள். காய்ந்த தலைமுடியைத் தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள் என்றார்கள். இலவசப் பாக்கெட் கொடுத்து அனுப்பினார்கள். பையன் வீட்டுக்குக் கொண்டுபோனான், அம்மா உபயோகித்துப் பார்த்தாள்.

அடுத்து ரஜினிகாந்த் படங்கள். ஊருக்குள் படம் போட்டு, நடுவில் விளம்பரம் காட்டி, மேடையில் செய்முறை விளக்கமும் நடத்தி, முடிந்ததும் ஆளுக்கொரு பாக்கெட் கொடுத்தார்கள். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் இப்படிக் காட்சி நடந்த ஊர்களில் விற்பனை மூன்று நான்கு மடங்கு ஏறியது.

எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனமானது காலிப் பாக்கெட் திட்டம். எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் ஐந்து காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். போட்டியாளரின் வாடிக்கையாளர் எல்லாம் சிக்கை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்கள். பழக்கம் ஏற்பட்ட பிறகு விதியை மாற்றினார்கள். இனி ஐந்தும் சிக் பாக்கெட்டாகவே இருக்க வேண்டும். மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சத்துக்குப் போனது. மல்லிகையும் ரோஜாவுமாக வாசனை சேர்ந்தபோது 30 லட்சம் ஆனது. நடிகை அமலா விளம்பரத்தில் தோன்றிய பிறகு மாதம் ஒரு கோடியைத் தொட்டது. தலையில் மல்லிகைச் சரம் வைக்கும் பெண்களுக்கு மல்லிகை மணக்கும் ஷாம்பு பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள ஆய்வு நிறுவனம் தேவைப்படவில்லை. அந்த ஊரில் வளர்ந்திருந்தால் போதும்.

1999-ல் சிக் பாக்கெட்டை 50 பைசாவுக்கு இறக்கினார்கள். பெரிய கம்பெனிகளும் அதன் பிறகு விலையைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டியிருந்தது. ஐந்து கிராம் உப்பில் தகப்பன் தொடங்கியதை மகன் நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

வருமான வரி கட்டிய சிறு தொழில்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வங்கியில் நடந்தது. முதல் கடன் கிடைக்க மூன்று ஆண்டுகள் ஆயின. அடமானம் கேட்ட வங்கிகளிடம் காட்ட ரங்கநாதனிடம் எதுவும் இல்லை. பங்கு வேண்டாம் என்று வந்தவருக்கு நிலப்பத்திரம் எங்கிருந்து வரும்? கடைசியில் ஒரு வங்கி 25,000 ரூபாய் கொடுத்தது. விண்ணப்பத்தில் மேலாளர் எழுதிய குறிப்பு, இவரிடம் அடமானம் இல்லை, ஆனால் மற்றச் சிறு தொழில்களைப் போலில்லாமல் இந்த நிறுவனம் வருமான வரி கட்டுகிறது என்பதாக இருந்தது. அந்தக் கடன் ஒழுங்காகத் திரும்பியது. அடுத்து 4 லட்சம், 15 லட்சம் என்று வளர்ந்தது.

கணக்கில் காட்டாமல் நாலு காசு மிச்சம் பிடிப்பதைச் சாமர்த்தியம் என்று நினைக்கும் வழக்கம் நம் கடைத்தெருக்களில் உண்டு. அந்த மிச்சம் வங்கியின் கண்ணில் படாது. நேராகக் கட்டிய வரிதான் அடமானமாக நின்றது. வீட்டில் பால் கணக்கையும் மளிகைக் கணக்கையும் நேராக எழுதிப் பார்த்து வளரும் பிள்ளைக்கு இது இயல்பாக வரும். பொய்க் கணக்கைப் பார்த்து வளர்ந்தவர் பெரிய வயதில் நேர்க் கணக்கைப் பழகுவது கஷ்டம்.

1998-ல் நிறுவனத்துக்குக் கெவின்கேர் என்ற பெயர் வந்தது. ஊழியர்களிடையே போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த அந்தப் பெயரிலும் தகப்பனாரின் முதலெழுத்துகள் இருக்கின்றன. மீரா, நைல், ஸ்பின்ஸ், ருச்சி என்று பொருள்கள் பெருகின. ஊறுகாய்க்குச் 'சின்னீஸ்' என்று பெயர். 2011 முதல் சென்னை மேலாண்மைச் சங்கத்தோடு சேர்ந்து சிறு தொழில்களின் புதுமைகளுக்குச் சின்னி கிருஷ்ணன் பெயரில் விருது வழங்குகிறார்கள். கண்டுபிடிக்கத் தெரிந்து, விற்கத் தெரியாமல் போன ஒருவரின் பெயரில் மற்றக் கண்டுபிடிப்பாளர்களுக்குக் கைகொடுப்பது மனதுக்கு நிறைவான காரியம்.

ரங்கநாதனின் தம்பி சி.கே.குமாரவேலும் அவருடைய மனைவி வீணாவும் 2000-ல் சென்னை காதர் நவாஸ்கான் சாலையில் 'நேச்சுரல்ஸ்' அழகு நிலையத்தைத் தொடங்கினார்கள். இன்று நாடெங்கும் நூற்றுக்கணக்கான கிளைகள். பெண்கள் பலர் உரிமம் பெற்றுச் சொந்தமாகக் கிளை நடத்துகிறார்கள். தொழில் துணிச்சல் ஆண் வாரிசுக்கு மட்டும் போகும் சொத்து என்ற எண்ணத்தை உடைக்கும் இந்தப் பக்கத்தை நாம் இன்னும் அதிகம் பேச வேண்டும்.

செட்டிநாடும் சிவகாசியும்

கடலூர் வீட்டில் இயல்பாக அமைந்த குணங்களைச் சில சமூகங்கள் வழக்கமாகவே ஆக்கி வைத்திருந்தன. செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனை 'வேறு வைப்பது' என்று ஒரு முறை உண்டு. ஒரே பெரிய வீட்டுக்குள் புதுத் தம்பதிக்குத் தனி அடுப்பு, தனிக் கணக்கு. வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடும்பம் நடத்த வேண்டியது அவர்கள் பொறுப்பு. கூரை ஒன்று, கணக்கு வேறு. பாதுகாப்பும் பொறுப்பும் ஒரே நேரத்தில் கிடைக்க இதைவிட நல்ல ஏற்பாடு தோன்றவில்லை.

பையன்களைச் சிறு வயதிலேயே பர்மா, மலேயா, இலங்கைக் கடைகளுக்கு அனுப்பிப் பெட்டியடியில் உட்காரவைப்பார்கள். வாடிக்கையாளரை வரவேற்பது, பேரேடு எழுதுவது என்று அடிமட்டத்திலிருந்து பழக வேண்டும், முதலாளி மகனாக இருந்தாலும். முருகப்பா குழுமத்தின் முன்னோடி ஏ.எம்.முருகப்பச் செட்டியார் 14 வயதில் பர்மாவில் உறவினர் கடையில் வேலை பழகி, 1900-ல் மோல்மீனில் சொந்தக் கடை போட்டவர்.

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து ஊரில் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் சுமுகமாகப் பிரிந்து அவரவர் தொழிலை அவரவர் வளர்த்தார்கள். கற்ற வித்தையைப் பூட்டிவைக்காததால் ஊரே தொழில் ஊரானது. விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கிப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காமராஜர் அப்படிப்பட்ட பள்ளியில் படித்தவர். சமைக்கும்போது ஒரு பிடியை ஊர்ப் பிள்ளைகளுக்கென்று எடுத்து வைக்கும் அம்மாவைப் பார்க்கும் பிள்ளை, வருமானம் எல்லாம் நமக்கே என்று நினைக்காது.

மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் நிலையான உத்தியோகத்தை விட்டுவிட்டு 1911-ல் நிறுவனம் தொடங்கி, அடுத்த ஆண்டே பஸ் விட்டார். பிள்ளைகளை ஒவ்வொரு பொறுப்பில் பழக்கினார். இளம் வயதில் கணவனை இழந்த மகள் சௌந்தரத்தை வீட்டுக்குள் முடக்காமல் படிக்கவைத்தார்கள். அவர் மருத்துவரானார், 1947-ல், மறுமணம் செய்துகொண்ட ஜி.ராமச்சந்திரனோடு சேர்ந்து காந்திகிராமத்தை உருவாக்கினார். தொழில்முனைவு குணம் லாபம் தேடும் வழியில் மட்டும்தான் போகும் என்றில்லை என்பதற்கு அந்த மகள் சாட்சி.

இரண்டு உண்மைகள்

பாராட்டும்போது இரண்டு விஷயங்களையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

முதலாவது, சிறு பாக்கெட் விட்டுச்செல்லும் குப்பை. பல அடுக்குத் தாள் என்பதால் அதை மறுசுழற்சி செய்வது கடினம், சிறிது என்பதால் பொறுக்கிச் சேர்ப்பதும் கடினம். ஓடைகளிலும் கண்மாய்க் கரைகளிலும் அது கிடக்கிறது. ஏழைக்கும் எட்டும் அளவில், குப்பை சேராத வகையில் எப்படித் தருவது என்பது அடுத்த தலைமுறை தீர்க்க வேண்டிய கணக்கு. ஒரு காலத்தில் ஐந்து காலிப் பாக்கெட்டை மக்களே கொண்டுவந்து கொடுத்த தமிழ்நாட்டில், திரும்பப் பெறும் வழியை மறுபடி யோசிப்பது முடியாத காரியமில்லை.

இரண்டாவது, எல்லா வீட்டுக்கும் ஒரே தொடக்கம் கிடைப்பதில்லை. 1983-ல் 15,000 ரூபாய் என்பது கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குக் கனவிலும் எட்டாத தொகை. அந்தப் பிள்ளைக்கு வீட்டின் துணிச்சலோடு வெளியிலிருந்து ஒரு கையும் வேண்டும். அடமானம் இல்லாமல் கடன் தரும் முத்ரா திட்டம் 2015 முதல் இருக்கிறது. படித்த இளைஞர்களுக்கு மாநில அரசின் நீட்ஸ் திட்டமும் மாவட்டத் தொழில் மையங்களும் இருக்கின்றன. திட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. அடமானத்துக்கு அப்பால் ஆளைப் பார்க்கத் தெரிந்த அந்த வங்கி மேலாளரைப் போன்றவர்கள் ஒவ்வொரு கிளையிலும் வேண்டும்.

நம் வீடுகளில்

இந்த வீடுகளின் குணங்களைச் சேர்த்துப் பார்த்தால், பிறவியிலேயே வர வேண்டியது எதுவும் அதில் இல்லை. எந்த வீட்டிலும் பழகலாம்.

பிள்ளைக்கு உண்மையான ஒரு பொறுப்பு கொடுங்கள். ஆடோ, கோழியோ, மாடித் தோட்டமோ, கடையில் ஒரு அலமாரியோ, எதுவானாலும் சரி. அதன் கணக்கை அவர்களே எழுதட்டும். நஷ்டம் வந்தால் நீங்கள் இட்டு நிரப்பாதீர்கள். உங்கள் கையைக் கடித்த வியாபாரங்களைப் பற்றி அவர்களிடம் மறைக்காமல் பேசுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியதைப் பற்றிப் பேசுவதைக் குறைத்து, ஊரில் யாருக்கு என்ன கஷ்டம், அதை எப்படித் தீர்க்கலாம் என்று பேசுங்கள். படிப்பு வராத பிள்ளையை வரும் பிள்ளையோடு நிறுத்தி ஒப்பிடாதீர்கள். மகளுக்கும் மகனுக்கும் இதில் வித்தியாசம் காட்டாதீர்கள்.

ஒருநாள் அந்தப் பிள்ளை உங்கள் வழி எனக்குச் சரிவராது, நான் தனியாகப் போகிறேன் என்று வந்து நிற்கும். அது உங்களுக்குத்தான் உண்மையான பரீட்சை. வளர்த்த பாசத்தையும் போட்ட காசையும் சொல்லிக் காட்டித் தடுத்தால், ஒரு நல்ல உத்தியோகஸ்தர் வீட்டில் தங்குவார். போய்ப் பார், சரிவராவிட்டால் திரும்பி வா என்று சொல்லி அனுப்பினால், நாலு பேருக்கு வேலை கொடுப்பவர் ஒருவர் உருவாகலாம். கடன் தர வங்கி இருக்கிறது, பயிற்சி தர அரசு இருக்கிறது. முதல் நம்பிக்கையை வைக்க வேண்டியவர்கள் பெற்றோர்தான், அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.